முதுமை மறதியும் சமூக ஏற்றத்தாழ்வும்

வயது ஏறும்போது எல்லாருக்கும் நினைவாற்றல் ஓரளவு தளரும். புதிய பெயர் மனதில் பதிய நேரமாகும். கணக்குப் பார்க்கும் வேகம் குறையும். சொல்வளமும் அனுபவ அறிவும் நெடுநாள் நிலைக்கும். இந்தத் தளர்ச்சி எந்த வயதில் அன்றாட வாழ்வைப் பாதிக்கத் தொடங்கும் என்பதில் கல்விக்கும் தொழிலுக்கும் வைத்திய வசதிக்கும் பெரும் பங்குண்டு.

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் பலர் வாழ்கின்றனர். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் வீட்டுவேலை செய்து முதுமையடைந்தவர்களும் உள்ளனர். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது; மலையகத் தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. அங்கிருந்து சிறுவயதிலேயே கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் பலருக்குப் படிப்பு எட்டவில்லை.

இளமையில் பெறும் கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பு. படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் முதுமையில் நினைவு தேயும் வேகம் பெரும்பாலும் ஏறக்குறைய ஒன்றே என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சேமிப்புக் குறைந்தவர் முன்னதாகவே தடுமாறும் நிலையை அடைகிறார்.

கல்விக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிக்குறை, பார்வைக்குறை, மனச்சோர்வு, புகைத்தல், தனிமை, காற்று மாசு உள்ளிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு பட்டியலிட்டது. இவற்றைக் களைந்தால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றும் அது கணித்தது. இவற்றுள் பல ஏழைகளையே கூடுதலாகத் தாக்குகின்றன. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து இலவசம். ஆனால் அங்கே போகும் நாளில் நாட்கூலிக்காரருக்குச் சம்பளமில்லை. தனிமை வசதியானவர்களையும் விடுவதில்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தையில் தனித்திருக்கும் பெற்றோர் உண்டு.

பரிசோதனையிலும் ஏற்றத்தாழ்வு புகுந்துவிடுகிறது. உலகெங்கும் பயன்படும் 30 புள்ளிச் சோதனை ஒன்று வசனம் எழுதவும் உருவம் வரையவும் கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் நோயில்லாமலே அதில் புள்ளி இழப்பார். இதைச் சரிசெய்ய முயன்ற 10/66 என்ற சர்வதேச ஆய்வுக்குழு, சென்னையிலும் வேலூர்ப் பகுதியிலும் தமிழ் முதியோரிடையே ஆய்வு நடத்தியது. அன்றாட வேலைகளில் தெரியும் மாற்றத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டறிவதும் அதன் முறையில் அடங்கும்.

"வயசு போனா மறதி வரும்தானே" என்று விட்டுவிடக்கூடாது. பிரஷரையும் சீனியையும் நடுவயதிலேயே கட்டுப்படுத்த வேண்டும். காது மந்தமானால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தனித்திருப்பவரிடம் நாள்தோறும் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, எந்தப் பிள்ளையும் வறுமையால் பாடசாலையை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது சமூகத்தின் கடமை.