படுக்கையருகே பாடம்: செவிலியம், அறிவு, அதிகாரம்

1

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து அதைக் கொடுப்பவர். பரிமேலழகர் இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணங்கள் சொல்கிறார். நோயுற்றவருக்கு முதல் இலக்கணம் பொருளுடைமை. அடுத்தது மருத்துவர் வழி நிற்றல். பிறகு தன் நோய்நிலையை எடுத்துச் சொல்லும் திறன், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல். பக்கத்திலிருப்பவருக்கோ அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்தல், அறிவு.

காசு இருக்கணும், சொன்ன பேச்சைக் கேக்கணும், வலிச்சாலும் பொறுத்துக்கணும். பல நூற்றாண்டுகள் கழித்தும் நோயாளியைப் பற்றிய நமது சொல்லாடல் இதைவிட்டு அதிகம் நகர்ந்துவிடவில்லை. ஆனால் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இரண்டு விரிசல்கள் இருக்கின்றன. ஒன்று, நோயாளி ‘எடுத்துச் சொல்ல’ வேண்டும் என்பது. அதாவது அவருக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியாதது, ஏதோ இருக்கிறது. இரண்டு, சொன்னபடி செய்கிறவரிடமே அறிவும் இருக்க வேண்டும் என்பது. சொன்னபடி செய்வதற்கு எதற்கு அறிவு? செவிலியம் என்ற துறை இந்தக் கேள்விக்குள்தான் நிற்கிறது.

நவீன மருத்துவமனையில் “உங்களுக்கு என்ன செய்கிறது?” என்ற கேள்வி “எங்கே வலிக்கிறது?” என்று மாறிய கதையை மிஷேல் ஃபூக்கோ 1963இல் எழுதினார். முதல் கேள்விக்கு ஒரு மனிதர் பதில் சொல்வார். இரண்டாவதற்கு உடம்பின் ஒரு பகுதி பதில் சொன்னால் போதும். ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். மீதியுள்ள மனிதரோடு இரவும் பகலும் இருப்பவர் நர்ஸ்.

2

செவிலியம் என்றால் என்ன? வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கச் செவிலியர் தந்த வரையறை இன்றும் உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. போதிய வலுவோ, மனமோ, அறிவோ இருந்தால் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய காரியங்களில் அவருக்கு உதவுவது. கூடிய சீக்கிரம் அந்த உதவி தேவைப்படாத நிலைக்கு அவரைக் கொண்டுவருவது. மூச்சு விடுதல், உண்ணுதல், கழித்தல், அசைதல், உறங்குதல், உடுத்துதல், குளித்தல், பேசுதல் என்று தொடங்கிக் கற்றல் வரைக்கும் 14 தேவைகளை அவர் பட்டியலிட்டார். கழிப்பதும் கற்பதும் ஒரே பட்டியலில் வருவது கவனிக்கத்தக்கது. ‘அறிவு’ என்ற மூன்றாவது சொல்லிலிருந்துதான் நோயாளிக்குக் கற்பித்தல் என்ற கடமையே பிறக்கிறது. ஆக, அது செவிலியரின் விருப்பத்துக்கு விடப்பட்ட உபரி வேலை அல்ல.

அடிப்படைப் பராமரிப்பு சாதாரணமாகத் தோன்றும். தோன்றுவது வேறு. படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். அசையாமல் கிடக்கிறவரின் இடுப்பெலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. சதை பட்டினி கிடந்து சாகிறது. மேல்தோல் சிவக்கும்போதே உள்ளே சேதம் தொடங்கியிருக்கலாம். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை ஆகியவை ஆபத்தான இடங்கள். ஈரத்துணியும் சத்துக்குறைவும் புண்ணை விரைவுபடுத்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது பொதுவான விதி. ஆளைப் பொறுத்து இது கூடும், குறையும். இழுத்துத் திருப்பக் கூடாது, தூக்கித் திருப்பணும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. விரிப்பில் மடிப்பு இருக்கக் கூடாது.

சரி, நமது அரசு மருத்துவமனை வார்டில் இதையெல்லாம் செய்வது யார்? ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸ், அவருக்கு வார்டு முழுக்கக் கட்டில்கள், கட்டிலுக்கு அடியிலும் பாய்கள். ஊசி, டிரிப், ரிஜிஸ்டர் எழுதுவது இதற்கே நேரம் பற்றாது. திருப்பிப் படுக்க வைப்பது மனைவி, மகள், மருமகள். பெட்பேன் எடுப்பது ஆயாம்மா. உடம்பின் கழிவைத் தொடுகிற வேலை சாதிப் படிக்கட்டிலும் பால் படிக்கட்டிலும் கீழே கீழே தள்ளப்படுகிறது. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் உள்ள வேலை, வார்டில் கடைசி ஆளின் வேலையாகிவிடுகிறது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகள், வேலைக்குப் பயிற்சி பெறும் நர்ஸுகளுக்கான கையேடு அல்ல. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டது. ‘கூட இருக்கிறவங்க’ என்று நாம் ஒதுக்கிவைக்கும் அந்தப் பெண்களே இங்கே உண்மையான செவிலியர்கள். பாடம் அவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும்.

3

வீட்டில் வைத்துப் பார்க்க முடியும் என்பதை உலகத்துக்கு நிரூபித்த ஊர்களில் சென்னைக்கு முக்கிய இடமுண்டு. 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலுமாக ஓராண்டு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இரண்டுமே குறைவு. 1959இல் முடிவு வந்தபோது குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடிவிடவில்லை. சானடோரியத்தின் சுவர்கள் விழத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

ஆனால் சுவர் விழுந்ததும் வேறொரு கவலை எழுந்தது: வீட்டுக்குப் போனவர் மாத்திரையை முழுங்குகிறாரா இல்லையா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகை, மீதி மாத்திரையை எண்ணுதல், சிறுநீர்ச் சோதனை. பிறகு, கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறை. 1990களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் பரப்பிய திட்டத்தின் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. இதனால் பல உயிர்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. அரைகுறைச் சிகிச்சை மருந்துக்கு அடங்காத கிருமியை உருவாக்கும் என்பதும் உண்மை. எனினும் நின்றுபோனவருக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ‘டிஃபால்ட்டர்’. கடன் கட்டத் தவறியவனுக்கு வங்கி வைக்கிற பெயர். 2013இல்தான் உலக சுகாதார நிறுவனம் தன் பதிவேட்டு வகைகளிலிருந்து இந்தச் சொல்லை எடுத்தது. அவர் ஏன் நின்றார்? கூலி போனதா, பஸ் காசு இல்லையா, மாத்திரை வயிற்றைப் புரட்டியதா, இருமல் நின்றதும் நோய் தீர்ந்தது என்று நினைத்தாரா? கண்காணிப்புக்கு இந்தக் கேள்விகள் தேவையில்லை. கற்பித்தல் இவற்றிலிருந்துதான் தொடங்க முடியும்.

4

கற்பித்தல் என்றதும் இன்னொரு அதிகாரம் உள்ளே வந்துவிடலாம். பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வங்கிமுறைக் கல்வி பற்றிய விமர்சனம் நமக்குப் பழக்கமானது. 1990களின் அறிவொளி இயக்கத்தில் அதைப் பேசிப் பேசியே வேலை செய்தோம். மருத்துவமனையில் அந்த வங்கி டிஸ்சார்ஜ் நாளில் திறக்கிறது. ஆங்கிலச் சீட்டு, அதில் 1-0-1, 0-0-1 என்று எண்கள், ஐந்து நிமிடத்தில் பதினைந்து அறிவுரை, கடைசியில் “புரிஞ்சுதாம்மா?” “புரிஞ்சுதுங்க சிஸ்டர்.” புரியவில்லை என்று சொல்ல அந்த இடத்தில் யாருக்குத் தைரியம் வரும்?

வயது வந்தவர் வெற்றுப் பலகை அல்ல. அவருக்கு அனுபவம் இருக்கிறது, வேலை இருக்கிறது, நோயைப் பற்றி ஏற்கெனவே ஒரு விளக்கமும் இருக்கிறது. “சுகர் கொறஞ்சிருச்சு, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்” என்பது முட்டாள்தனமல்ல. காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட அனுபவத்திலிருந்து எடுத்த தர்க்கரீதியான முடிவு. அந்தத் தர்க்கத்தைக் கேட்டறிந்த பிறகே, ‘இது விட்டுப் போகிற காய்ச்சல் மாதிரி இல்லை, மாத்திரை சாப்பிடுவதால்தான் குறைந்திருக்கிறது’ என்று பேச முடியும். முதலில் கேளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விஷயம் போதும். சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல், அதைவிட அவரையே செய்ய வைப்பது மேல். “புரிஞ்சுதா?”வுக்குப் பதில், “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும் பாட்டி, வீட்ல மருமக கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்கலாம். இங்கே பரீட்சை எழுதுவது நர்ஸ். சொல்வதில் பிசகு இருந்தால் திரும்பச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. இந்தச் சின்ன இடமாற்றத்தில் அதிகாரத்தின் திசையே மாறுகிறது. “மாத்திரை போட்டியா இல்லியா?” என்பதற்கும் “போட்டீங்களா?” என்பதற்கும் உள்ள தூரமும் அதுவே.

சர்க்கரை நோயாளியின் காலைப் பார்ப்போம். நரம்பு கெட்டு உணர்ச்சி மங்குவதால் முள் குத்தினாலும் வெந்நீர் சுட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்தால் புண் ஆறாது. கடைசியில் விரல் போகும், கால் போகும். ஆகவே தினமும் இரவில் வெளிச்சத்தில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்தோ பேரப்பிள்ளையிடம் காட்டியோ பார்க்கலாம். ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. வெறுங்காலில் நடக்கக் கூடாது, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு நல்லது.

‘செருப்புப் போட்டு நடங்க’ என்பது வெறும் மருத்துவ வாக்கியமா? ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது சேரிக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்த நாடு இது. நாற்று நடுகிற பெண் சேற்றில் எந்தச் செருப்பைப் போடுவாள்? வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் கேட்க மாட்டாரா? இவற்றைக் கேட்காமல் கொடுத்த அறிவுரையை அவர் ‘பின்பற்றவில்லை’ என்று கேஸ் சீட்டில் எழுதுவது, சமூகத்தின் குற்றத்தை அவர் காலில் எழுதுவதாகும். கேட்டால் வழி பிறக்கலாம்: வயலிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, அங்கேயே ஒருமுறை பார்த்துவிடுவது, வீட்டுக்குள் போட மட்டும் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வது.

5

இத்தனையும் செய்ய நர்ஸுக்கு நேரம் வேண்டும், பேச உரிமையும் வேண்டும். 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். அதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்த்தவர்கள் பலர், நமது இடதுசாரி நண்பர்கள் உட்பட. வார்டில் எத்தனை நர்ஸ் என்பது ஒரு பாட்டிக்கு எத்தனை நிமிடம் என்பதுதான். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், “இந்த மருந்து இவங்களுக்கு ஒத்துக்கல டாக்டர்” என்று எப்படிச் சொல்வார்? சொன்னபடி செய்தல் என்ற இலக்கணத்துக்குள்ளேயே அவர் அடைபடுவார், அறிவு என்ற இலக்கணம் உரையில் மட்டும் இருக்கும்.

நோயாளியைக் ‘கிளையன்ட்’ என்று பெயர் மாற்றுவது இப்போது பாடப்புத்தக நாகரிகம். வாடிக்கையாளர் ஆனதால் ஒருவருக்குக் குரல் வந்துவிடாது. பொருளுடைமைதான் மீண்டும் முதல் இலக்கணமாகும். நமக்குத் தேவை வேறு. டிஸ்சார்ஜ் சீட்டு தமிழில் வேண்டும், வேளைகள் எண்ணாக இல்லாமல் ‘காலை, ராத்திரி’ என்று எழுதப்பட வேண்டும். கூட இருப்பவருக்கு உட்கார ஒரு ஸ்டூலும், திருப்பிப் படுக்கவைக்க ஒரு செயல்விளக்கமும் வேண்டும். கட்டிலுக்கு ஏற்ற எண்ணிக்கையில் நிரந்தரச் செவிலியர் வேண்டும். பெரிய புரட்சி எதுவுமில்லை. ஆனால் இவற்றைக் கேட்டு ஒரு மனு எழுதிப் பாருங்கள், எத்தனை கதவு சாத்தப்படுகிறது என்று தெரியும்.