நீல மஸ்டாங்கும் மறைமலை நகரும்: அமெரிக்க ஹைஸ்கூல் கதைகள்ல நமக்கு என்ன இருக்கு?

லாக்கரை டமால்னு சாத்துற பையன், பிரின்சிபாலையே எதிர்த்துப் பேசுற பொண்ணு, கேன்டீன்ல கேங் கேங்கா பிரிஞ்சு உட்கார்ந்திருக்கிற கூட்டம்... ஓடிடி-யில இதெல்லாம் நிறைய பார்த்திருப்பீங்க. 'பார்க்க ஜாலியா இருக்கு, ஆனா நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?'னு தோணியிருக்கும். இருக்கு பாஸ். அந்தச் சம்பந்தம் நம்ம ஜி.எஸ்.டி ரோடு வரைக்கும் வருது.

எழுதினது ஒரு ஸ்கூல் பொண்ணு

அடங்காத டீன் ஏஜ் பையன் கதைன்னா பலரும் முதல்ல சொல்றது, 1951-ல் வெளியான சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை'. ஆனா, அது பெரியவங்களுக்காக எழுதப்பட்ட நாவல். டீன் ஏஜ் வாசகர்களுக்குன்னே ஒரு பாதையைத் திறந்துவிட்டது 1967-ல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்'.

அதை எழுதின எஸ்.இ.ஹின்டன், ஓக்லஹாமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரத்தின் வில் ரோஜர்ஸ் ஹைஸ்கூல் மாணவி. எழுத ஆரம்பிச்சப்போ வயசு 15. சினிமா பார்த்துட்டு நடந்து வந்த நண்பன் ஒருத்தன் வழியில் அடிவாங்கினதுதான் தூண்டுதல். தான் தினமும் பார்க்கிற ஸ்கூல் எந்தப் புத்தகத்திலும் இல்லையேங்கிற கோபமும் இருந்தது. புத்தகம் வந்தப்போ அவருக்கு 18 வயசு. ரவுடிப் பசங்க கதையைப் பொண்ணு எழுதினான்னு தெரிஞ்சா விமர்சகர்கள் அலட்சியமா ஒதுக்கிடுவாங்கன்னு, அட்டையில் முழுப்பெயர் போடாம இனிஷியல் மட்டும் போட்டாங்க.

கார் யார்கிட்ட இருக்கு?

கதை சிம்பிள். ஊர்ல ரெண்டு கூட்டம். ஒண்ணு, எண்ணெய் தடவிய நீளமான தலைமுடியோட சுத்துற ஏழைப் பசங்க. இன்னொண்ணு, வசதியான வீட்டுப் பசங்க. 14 வயசு ஹீரோ போனிபாய்க்கு அப்பா, அம்மா இல்லை. 20 வயசு அண்ணன் காலேஜ் ஆசையை விட்டுட்டு, கூரை வேலை செஞ்சு தம்பிகளை வளர்க்கிறான். பணக்காரப் பசங்க நீல நிற மஸ்டாங் காரில் வந்து இவங்களை மடக்குவாங்க.

அமெரிக்காவின் பல மாநிலங்கள்ல 16 வயசுலேயே கார் லைசென்ஸ் வாங்கலாம். அதனால, ஸ்கூல் வாசல்ல நிக்கிற கார்தான் அங்கே ஸ்டேட்டஸ். யாருக்குக் கார் இருக்கு, யார் நடந்து வர்றாங்கங்கிறதுலதான் மொத்தக் கதையும் நிக்குது.

மஸ்டாங், ஃபோர்டு கம்பெனியோட கார். அதே ஃபோர்டு, 1990-களில் மறைமலை நகருக்கு வந்தது. ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட்னு இங்கேயே தயாரிச்சது. 2021 செப்டம்பரில் மூடப்போறதா அறிவிச்சு, 2022-ல் கடைசி காரை வெளியே அனுப்பினது.

மறைமலை நகர் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை இருக்கிற தொழிற்சாலை ஊர்கள்ல 'கார் யார்கிட்ட இருக்கு?'ங்கிற கேள்விக்கு வேற வடிவம் உண்டு. அப்பா பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? ஸ்கூல் வேனா, இலவச பஸ் பாஸா? ஒரே தெருவில் வளர்ந்த ரெண்டு பசங்களுக்கு நடுவே கோடு போட இந்தப் பதில்கள் போதும். அந்தக் கோட்டைப் பத்திப் பேசினதாலதான் டல்சா கதை இங்கேயும் ஒட்டுது.

எதிர்த்துப் பேசுறது மட்டும் கலகம் இல்லை

1999-ல் வந்த லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' நாவலில், ஒரு பார்ட்டியில் பாலியல் வன்முறைக்கு ஆளான மெலிண்டா பேசுறதையே நிறுத்திடுவா. அந்த மௌனம்தான் அவளோட போராட்டம். 2017-ல் வந்த ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' நாயகி ஸ்டார், கறுப்பினத்தவர் வாழும் ஏழைப் பகுதியிலிருந்து, வெள்ளையர் நிறைந்த தனியார் பள்ளிக்குப் போறா. தெருவில் ஒரு பேச்சு, ஸ்கூலில் இன்னொரு பேச்சு. கேட்ல நுழைஞ்சதும் இங்கிலீஷுக்கு மாறுற யாருக்கும் இந்த அவஸ்தையை விளக்கத் தேவையில்லை. ரெண்டு புத்தகங்களையும் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கணும்னு அமெரிக்காவில் எதிர்ப்பு வந்தது. தங்களுக்கு நடக்கிறதைப் பசங்களே சொல்ல ஆரம்பிச்சா, பெரியவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

நம்ம ஊர் ஸ்கூல் கதை எங்கே?

தேடினா கிடைக்கும். பாமாவின் தன்வரலாறு 'கருக்கு' 1992-ல் வந்தது. ஆடு மேய்க்கும் தலித் சிறுவனின் வாழ்க்கையைச் சொல்ற பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000-ல் வந்தது. ஆனா, ரெண்டும் டீன் ஏஜ் வாசகரை மனசுல வச்சு எழுதப்பட்டவை அல்ல. குழந்தைகள் பக்கம் வந்தா, பாலியல் அத்துமீறல் பத்திப் பேசும் யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-க்கான சாகித்ய அகாடமி பால புரஸ்கார் விருது பெற்றது. சினிமாவில், வீட்டை விட்டு ஓடிப்போகும் பிளஸ் டூ மாணவர்களைக் காட்டினது 2002-ல் வந்த 'துள்ளுவதோ இளமை', தனுஷோட முதல் படம்.

குழந்தைகளுக்கும் பெரியவங்களுக்கும் நடுவில், 14 முதல் 18 வரை உள்ளவங்களுக்கான ஷெல்ஃப் நம்மகிட்ட இன்னும் சின்னதாத்தான் இருக்கு. ஆனா கதைக்குப் பஞ்சமே இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை, அவர் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதுக்கப்புறம் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டத் தடை விதிக்கணும்னு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. டல்சாவில் தலைமுடி காட்டிக்கொடுத்ததை, இங்கே கயிறு காட்டிக்கொடுக்குது. அந்தக் கயிறைக் கட்டின பையனும், கட்ட மறுத்த பையனும் என்ன நினைச்சாங்கன்னு கமிட்டி ரிப்போர்ட் சொல்லாது. நாவல் சொல்லும்.

அதனால, அடுத்த முறை ஹைஸ்கூல் கதை படிக்கும்போதோ பார்க்கும்போதோ லாக்கரையும் டிரஸ்ஸையும் தாண்டி மூணு கேள்வி கேளுங்க. இங்கே வசதி யார்கிட்ட இருக்கு? யாரைப் பேச விடலை? நம்ம கிளாஸ்ல அது யாரு? மூணாவது கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருந்தா, போன்ல நோட்ஸ் ஆப்பைத் திறந்து ரெண்டு பக்கம் எழுதிப் பாருங்க. ஹின்டன் நாவல் எழுதிக்கிட்டிருந்த வருஷம், கிரியேட்டிவ் ரைட்டிங் பாடத்தில் அவருக்குக் கிடைச்ச கிரேடு 'டி'!