காய்ச்சலும் வெப்பமிகையும்

1901ஆம் ஆண்டு கிள்ளானில் மலேரியா பரவி மக்களை மாய்த்துக்கொண்டிருந்தது. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கொசுவைக் குறைத்தார். அந்நோய்க்குத் தமிழில் குளிர்காய்ச்சல் என்னும் பெயர் உண்டு. குளிரும் காய்தலும் ஒரே சொல்லில் எவ்வாறு பொருந்தும் என மாணவர் வினவலாம். நோயின் இயல்பே அச்சொல்லில் அடங்கியுள்ளது.

நம் உடல்வெப்பத்தை 37 பாகை செல்சியசு அளவில் நிறுத்துவது மூளையிலுள்ள ஐப்போதலாமசு. கிருமி நுழைந்ததும் அதுவே அந்த அளவை 39 என உயர்த்தி வைக்கிறது. 37இல் இருக்கும் உடல் அப்போது குளிரை உணர்கிறது, நடுங்குகிறது, அந்நடுக்கத்தால் வெப்பம் ஏறுகிறது. காய்ச்சல் இதுதான்.

காய்ச்சல் என்பது ‘காய்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். சுரம் வடமொழி ஜ்வரத்தின் வழிவந்தது. பாலை வழியைக் குறிக்கும் சுரம் வேறு. பெரியபுராணப் பாண்டியனை வருத்தியது வெப்பு நோய். இவை ஒன்றன் இடத்தில் ஒன்று நின்றாலும் இழப்பில்லை. நம் நாளிதழ்கள் டிங்கி எனவும் தமிழகத்தார் டெங்கு எனவும் எழுதுவதாலும் எவருக்கும் தீங்கில்லை.

தீங்கு வேறிடத்தில் உள்ளது. கடும் வெயிலில் ஓடிய மாணவனின் உடல்வெப்பம் 40 பாகையைக் கடக்கக்கூடும். அங்கே மூளை அளவை உயர்த்தவில்லை; வெளியேற வழியின்றி வெப்பம் உடலில் தேங்கியுள்ளது. இதனைக் காய்ச்சல் என்று கருதிப் பராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்தால் பொழுதுதான் வீணாகும். அம்மருந்து உயர்த்தப்பட்ட அளவைத் தாழ்த்துவது. இங்கோ தாழ்த்துவதற்கு அளவு உயரவே இல்லை. நிழலில் கிடத்தி, உடலில் நீரூற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

எனவே இதற்குத் தனிச்சொல் வேண்டும். வெப்பமிகை எனலாம், அதன் கொடிய நிலையை வெப்பத்தாக்கு எனலாம். மலாயில் வழங்கும் ‘ஸ்ட்ரோக் ஹாபா’வை வெப்பப் பக்கவாதம் எனப் பெயர்ப்பதை நாம் ஏற்கவில்லை. அதைப் படிப்பவர் கைகால் செயலிழந்ததா என்று பார்ப்பாரேயன்றித் தண்ணீரைத் தேடமாட்டார். ‘உடம்பு சூடு’ என்னும் பேச்சு வழக்கும் போதாது. பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடையில் ஒருவர் அப்படிச் சொன்னால், அது காய்ச்சலா, வெயிலால் வந்ததா, பலாப்பழம் தின்ற சூடா என மருந்தாளர் துருவிக் கேட்டே அறிய வேண்டும்.

2023 மே மாதத்தில் வெப்பம் மிகுந்தபோது நம் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. அத்தகைய காலத்தில் பெற்றோருக்குத் தமிழில் அறிவிப்பு எழுதும் ஆசிரியர், ‘காய்ச்சல்’ என்று ஓரிடத்திலும் ‘வெப்பத்தாக்கு’ என்று வேறோரிடத்திலும் பிரித்தெழுதினால், எதற்கு மாத்திரை, எதற்குத் தண்ணீர் என்பது அந்த அறிவிப்பிலேயே விளங்கும்.