வரைவதற்கு இங்கே என்ன இருக்கிறது?

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வாரம் இருமுறையோ மும்முறையோ வரும் ஒருவர், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுக்கையில் இருக்கிறார். ஓராண்டில் அது 400 முதல் 600 மணி நேரம். தூக்கமும் கைப்பேசியும் போக எஞ்சும் பொழுதைக் கவலை எடுத்துக்கொள்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பகுதிகளிலிருந்து விடியுமுன் பேருந்தேறி வருவோரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினால், "வரைவதற்கு இங்கே என்ன இருக்கிறது?" என்றே பலரும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. மின்விசிறியும் இயந்திரமும் இரத்தம் ஓடும் குழாய்களுமே கண்ணெதிரே இருக்கின்றன.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைக்குள ஓவியம் இருக்கிறது. சமணர்க்கு அது புனிதப் பொய்கை. வரைந்தவர் அதற்குள் வைத்தவையோ மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர். புனிதப் பொய்கைக்கு எருமை எப்படி வந்தது? ஊர்க் குளத்தில் நாள்தோறும் கிடந்ததால் வந்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. சுண்ணாம்பு, கரி, காவிமண் என அவர் கையாண்ட பொருள்களிலும் பல அன்றாடம் காலில் மிதிபடுபவை.

நம் கடற்கரை மக்களுக்குக் கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது, பென்சில்தான் பழகவில்லை. வலையில் விழுந்த நீலக்கால் நண்டை எட்ட நின்று பார்த்தே ஆண் எது, பெண் எது என்று மீனவர் சொல்லிவிடுவார். ஆணின் நீலமும் பெண்ணின் பழுப்பும் அவருக்கு அவ்வளவு தெளிவு. நீரின் நிறம் மாறுவதைக் கண்டு ஆழத்தைக் கணிப்பார். ஓவியக் கல்லூரி மாணவர் ஆண்டுக்கணக்கில் முயன்று பெறும் பார்வை இது. பெண்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். புள்ளி பிசகாமல் நாள்தோறும் வாசலில் கோலமிட்டவர்கள், "எனக்கு வரையத் தெரியாது" என்று எங்களிடம் கூசாமல் சொல்கிறார்கள்! அந்தக் கோலங்களின் இலக்கணத்தை 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோன்மணியும் அவருடன் பணியாற்றியோரும் கணிதமாகவே ஆராய்ந்தார்கள்.

ஆகவே, படுக்கையிலிருந்து தெரிவதை மட்டுமே வரைய வேண்டும் என்பதில்லை. வரும் வழியில் கண்ட ஒன்றை நினைவில் ஏற்றி வாருங்கள். கரையில் குவித்த வலை, பனைமரத்தின் நிழல், பேருந்தில் முன்னிருக்கையில் உறங்கிய குழந்தையின் கை, எதுவும் ஆகும். கருவாட்டையும் இளநீரையும் உங்கள் உணவிலிருந்துதான் விலக்கியிருக்கிறோம், தாளிலிருந்து அல்ல.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல், தம் 71ஆம் வயதில், குடலில் பெரும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் அவருடைய நாள்கள் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழிந்தன. தூரிகை ஏந்தி நெடுநேரம் நிற்க முடியாத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். 1930இல் தஹிதித் தீவில் பார்த்த கடற்பாசியும் பவளமும் பல்லாண்டுக்குப் பின் அந்தத் தாள்களில் வெளிப்பட்டன. 1954இல் மறையும்வரை அவர் ஓயவில்லை.

ஓவியம் கிரியேட்டினினைக் குறைக்காது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்குண்டு என்றது. அந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. எங்கள் அக்கறை இன்னும் எளியது. டயாலிசிஸ் பெறுவோரிடையே மனச்சோர்வு பரவலாக உண்டு. சோர்ந்தவர் "இன்று ஒரு நாள் விட்டால் என்ன?" என்று எண்ணத் தொடங்குகிறார். தவறவிட்ட ஒரு முறையில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். நீர் கோத்து மூச்சுத் திணறலாம். பாதி வரைந்த படத்தை முடிப்பதற்காகவாவது ஒருவர் வியாழக்கிழமை வந்து சேர்ந்தால் எங்களுக்கு மகிழ்ச்சியே.

சில எச்சரிக்கைகள். பெரும்பாலானோர்க்கு ஃபிஸ்டுலா எழுதாத கையில்தான் அமைக்கப்படுகிறது; ஊசி குத்திய அந்தக் கையை அசைக்காமல் மற்றக் கையால் வரையுங்கள். மத்தீஸைப் பின்பற்றிக் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டாம். சிகிச்சையின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் தருகிறோம், ஆகையால் சிறு வெட்டிலும் குருதி நிற்க நேரமாகும். தாளை விரலால் கிழித்து ஒட்டலாம். டர்பன்டைன் கலக்கும் எண்ணெய் வண்ணங்களின் நெடி அடுத்த படுக்கைக்காரருக்கு ஆகாது. வரையும்போது தலை சுற்றினாலோ கால் இழுத்துப் பிடித்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள்.

கட்டமிட்ட நோட்டும் மெழுகு வண்ணங்களும் செவிலியர் மேசையில் உள்ளன. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் உறவினர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.