கடைசி ஆள்தான் விளக்கை அணைக்கணும்!

உங்களுக்குத் தெரியுமா?

மின்சாரம் பிறக்கும் நெய்வேலியிலும் வீட்டுக்கு வீடு கேட்கும் குரல்: “கடைசியா வர்றவங்க லைட்டை அணைச்சிட்டு வாங்க!” லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் விதியும் அதுதான்.

ஒன்றை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அது கணக்கு வைக்கிறது. ஒரு புரோகிராம் கோப்பைத் திறந்தால் கணக்கு 1. ‘ஃபோர்க்’ அழைப்பின் மூலம் அதிலிருந்து பிறந்த பிள்ளைப் புரோகிராமும் அதைப் பகிர்ந்தால் 2. ஒருவர் மூடினால் ஒன்று குறையும். 0 ஆனதும் அதற்காக ஒதுக்கிய நினைவகம் காலி.

கழிக்க மறந்தால்? 2016-இல் லினக்ஸில் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் ‘சாவிக்கொத்து’ (கீரிங்) பகுதியில் அப்படியொரு பிழை பிடிபட்டது. 32 பிட் கணக்கு ஏறிக்கொண்டே போய், சுமார் 429 கோடியைத் தொட்டதும் மறுபடி 0! ஆள் இருக்கும்போதே விளக்கை அணைத்த கதை. 2017-இல் லினக்ஸ் 4.11 பதிப்பில் வந்த ‘ரெஃப்கவுன்ட்_டி’ என்ற புதிய கணக்கு வகை, கணக்கை உச்சத்திலேயே நிறுத்திவிடுகிறது.