முதல் காம்பவுண்ட் வில்: புதியதா, பழையதா?

அமெரிக்கரான ஹோலெஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற காம்பவுண்ட் வில்லின் முனைகளில், ‘கேம்’ எனப்படும் மையம் விலகிய சக்கரங்கள் சுழல்வதால், நாணை முழுவதும் இழுத்து நிறுத்தும்போது கை தாங்கவேண்டிய பாரம் பெரும்பாலும் 65 முதல் 80 விழுக்காடு வரை குறைந்துவிடுகிறது. 2023-இல் பெர்லினில் இந்திய வில்வித்தை வீரர்களான அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் உலகப் பட்டம் வென்றது இவ்வகை வில்லால்தான்.

புதுச்சேரியின் தவளக்குப்பம் போன்ற சிற்றூரில் இருந்துகொண்டு இதை வாங்க நினைப்பவர், விலையைக் கேட்பதற்கு முன் தம் ‘இழுப்பு நீளத்தை’, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுக்கவேண்டும் என்பதை அறிந்திருக்கவேண்டும். விரித்த கைகளின் அகலத்தை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் அது தோராயமாகக் கிடைக்கும். பழைய வில் மலிவுதான். ஆனால் அது வேறொருவர் உடலுக்குத் திருத்தப்பட்டது என்பதும், சில வகைகளில் நீளத்தை மாற்றக் கேமையே மாற்றவேண்டும் என்பதும், அவ்வேலைக்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் ‘பிரஸ்’ என்னும் கருவி தேவை என்பதும் மறக்கப்படுகின்றன.

பழைய வில்லை முன்பு யாரேனும் அம்பின்றி இழுத்து விட்டிருந்தால், ஆற்றல் முழுவதும் வில்லின் மீதே திரும்பி, அதன் வளையும் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கியிருக்கக்கூடும். பஞ்சைத் தகட்டின் ஓரமாகத் தேய்த்து இழை சிக்குகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நைந்த நாணுக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்வது நல்லது.

வளரும் பிள்ளைக்கு, இழுப்பு நீளமும் இழுக்கும் பாரமும் பரந்த அளவில் மாற்றத்தக்க புதிய வில்லே சிக்கனம். அளவு பொருந்தி, பயிற்சியாளர் ஒருவர் சோதித்துக் கொடுத்தால், பெரியவருக்குப் பழையதே போதும்.