விரலும் விசையும்

கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் அதன் குழலையும் தோட்டாவையும் பற்றியே பெரிதும் பேசுவர். அவை இரண்டும் நன்றாயிருந்தால் குறி தவறாது என்பது பொதுவான எண்ணம். ஆனால் சுடுபவனின் விரல் தொடுவது குழலையன்று, விசையையே. விரல் அழுத்தத் தொடங்கியது முதல் தோட்டா வெடிக்கும் வரை கழியும் சிறு பொழுதிலேதான் குறி நிலைப்பதும் கெடுவதும் முடிவாகின்றன. அவ்வளவு இன்றியமையாத விசை, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மென்மையாக வராதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்கப் படையின் 1911-ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கி நல்லதொரு சான்றாகும்.

ஒற்றை வரிசையின் நன்மை

ஜான் மோசஸ் பிரௌனிங் (1855-1926) வகுத்த இத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911 மார்ச் 29-ல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடு மிகுந்தபோது துப்பாக்கியை நீரில் தோய்த்துக் குளிரச் செய்து மீண்டும் சுட்டனர். கோல்ட் நிறுவனம் செய்தளித்த அத்துப்பாக்கி ஒரு முறையேனும் தடைப்படவில்லை. 1985 வரை அதுவே அப்படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று.

அதன் கைப்பிடிக்குள் உள்ள கூட்டில் ஏழு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். கூடு ஒடுக்கமாக இருப்பதால் அதன் இரு மருங்கிலும் மெல்லிய தகடு செல்ல இடம் உண்டு. விசையின் பின்பகுதி ஒரு சட்டம்போல நீண்டு, தோட்டாக்கூட்டைச் சுற்றிச் சென்று, பின்னாலுள்ள உறுப்புகளைத் தொடுகிறது. இதனால் பிரௌனிங், விசையை ஓர் அச்சில் சுழலுமாறு அமைக்காமல், நேராகப் பின்னோக்கிச் செல்லுமாறு அமைக்க முடிந்தது.

பதின்மூன்று தோட்டாக்கள் கொள்ளும் 'ஹை-பவர்' என்னும் இரட்டை வரிசைத் துப்பாக்கி 1935-ல் பெல்ஜியத்தில் வெளிவந்தபோது இவ்வசதி இல்லாமற் போயிற்று. விரலின் அழுத்தம் மேலே ஏறி, மேல்மூடியிலுள்ள ஒரு நெம்புகோலைக் கடந்து, மீண்டும் கீழே இறங்க வேண்டியதாயிற்று. கூட்டை நீக்கினால் சுட இயலாதபடி வைத்த காப்புறுப்பு வேறு அக்கூட்டின்மேல் உரசிற்று. இடையில் உறுப்புகள் மிகுந்தால் உராய்வும் மிகும் என்பதற்கு அது தக்க எடுத்துக்காட்டு.

மென்மை என்பது யாது?

1911 துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால், அதன் அடியிலுள்ள இரு சிறு கொக்கிகள் ஒரு கொண்டியின் முனையில் மாட்டிக்கொள்கின்றன. பழைய துப்பாக்கிகளில் குதிரை என்று வழங்கிய உறுப்பே இச்சுத்தியல். விசையை அழுத்தினால் கொண்டி விலகும். சுத்தியல் விடுபட்டு ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் அடியைத் தாக்கும். கொக்கியும் கொண்டியும் பற்றிக்கொள்ளும் ஆழம் ஓர் அங்குலத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கே ஆகும்.

விசையின் பயணத்தை நான்காகப் பகுக்கலாம். விரல் தொட்டதும் எளிதாக நகர்வது முன்னோட்டம். கொக்கியின்மேல் கொண்டி தேய்ந்து நகர்வது ஊர்வு. அது நழுவுவது விடுபாடு. அதன் பின்னும் விசை நகர்வது மிகையோட்டம். சிறந்த விசையில் ஊர்வு இருப்பதே தெரியாது. விடுபாடு காய்ந்த ஈர்க்கு ஒடிவது போல இருக்கும். குறையுள்ள விசையிலோ ஊர்வு நீண்டு, நறநறவென்று நின்று நின்று செல்லும்.

இத்துப்பாக்கியின் விசைக்குப் படைத்துறை வகுத்த அழுத்தம் 5 முதல் 6.5 இராத்தல். தோட்டா இல்லாத துப்பாக்கியின் எடையோ இரண்டரை இராத்தலுக்கும் சற்றுக் குறைவு. தன் எடையைப்போல் இரு மடங்கு அழுத்தத்தை ஒரு விரல் கொடுக்கும்போதும் துப்பாக்கி அசையாதிருக்க வேண்டும்! பின்குறியின் நேரிலிருந்து முன்குறி ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு விலகினாலும், 25 கஜத் தொலைவில் தோட்டா ஓர் அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். அழுத்தம் சீராகக் கூடினால் கை ஈடுகொடுக்கும். தடைப்பட்டுத் திடீரென விடுபட்டால் கை குலுங்கும். ஆதலின் விசையின் தரத்தில் கனத்தைவிடச் சீர்மையே முதன்மை வாய்ந்தது.

எதிலும் பொருந்தும் உறுப்பு

இச்சீர்மை ஆலையில் கெடுவது எங்ஙனம்? இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட் நிறுவனம் மட்டும் இத்துப்பாக்கியைச் செய்து முடிக்க இயலவில்லை. தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்தது. புகைவண்டிச் சைகைக் கருவிகள் செய்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் நிறுவனம் 55,000 செய்தது. வேட்டைத் துப்பாக்கி செய்த இதாக்கா நிறுவனமும் இப்பணியில் ஈடுபட்டது. தையற் பொறியால் உலகெங்கும் பெயர் பெற்ற சிங்கர் நிறுவனம் 500 மட்டும் செய்தளித்தது.

இத்தனை ஆலைகளின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது படைத்துறையின் கட்டளை. களத்தில் ஒரு கொண்டி உடைந்தால், வேறோர் ஆலையின் கொண்டியை அரம் தொடாமல் மாட்டிச் சுட வேண்டும். ஆய்வாளர்கள் பல துப்பாக்கிகளைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டிப் பார்த்தனர்.

பல்லாயிரம் உறுப்புகளை ஒரே அளவில் வெட்ட எந்த எந்திரத்தாலும் இயலாது. மிகச் சிறு கூடுதல் குறைவுக்கு இடம் தந்தே ஆக வேண்டும். துளை சற்றுப் பெரிதாகவும் அச்சாணி சற்றுச் சிறிதாகவும் அமைந்துவிட்ட ஒரு துப்பாக்கியிலும் சுத்தியல் தானாக நழுவக்கூடாது. ஆகவே கொக்கியை ஆழமாக வைத்தனர். கொண்டியை அழுத்தும் தகட்டுவில்லை வலிதாக வைத்தனர். அந்தப் பாதுகாப்பே சுடுபவனின் விரலுக்குக் கனமாகவும் ஊர்வாகவும் தெரிகிறது.

அதே துப்பாக்கியை மென்மையாக்க முடியும் என்பதைப் போட்டிகள் காட்டின. ஒஹையோ மாநிலத்துக் காம்ப் பெர்ரியில் நடைபெறும் தேசியப் போட்டிகளுக்காகப் படைக்கலத் தொழிலாளர் நல்ல உறுப்புகளைத் தெரிந்தெடுத்து, எண்ணெய்க் கல்லால் தேய்த்து, ஒன்றோடொன்று இணக்கினர். அங்கும் விசை 4 இராத்தலுக்குக் குறையக்கூடாது என்று விதி இருந்தது. இங்கு ஓர் உண்மை விளங்கும். அவ்வாறு இணக்கிய கொண்டியை வேறொரு துப்பாக்கியில் மாட்டினால் அதன் மேன்மை உடன் வருவதில்லை. மென்மை தனியோர் உறுப்பில் இல்லை. இரண்டு உறுப்புகளின் பொருத்தத்தில் இருக்கிறது.

அறியாதவர் இதைச் செய்ய முனைவது ஆபத்து. கொக்கியின் கடினமான மேற்பரப்பு தேய்ந்துவிட்டால் சுத்தியல் பிடியில் நில்லாது. ஒரு முறை சுட்டதும், மேல்மூடி திரும்பும் அதிர்ச்சியிலேயே அடுத்த தோட்டாவும் வெடிக்கக்கூடும்.

காப்பும் கனமும்

கனத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. தோட்டா ஏற்றிய துப்பாக்கி முனை கீழாக விழுந்தால், ஊசி தன் எடையாலேயே முன்சென்று தோட்டாவை வெடிக்கச் செய்யக்கூடும். இதைத் தடுக்கக் கோல்ட் நிறுவனம் 1983-ல் ஊசிக்குக் குறுக்கே ஒரு தடுப்பை வைத்தது. விசையை அழுத்தினால்தான் அத்தடுப்பு உயரும். உயிர் காக்கும் ஏற்பாடே எனினும், விரல் சுமக்க வேண்டிய உறுப்புகள் கூடின; குறிபார்த்துச் சுடுவோர் குறைகூறினர். வேறு சில ஆலைகள் தைட்டானியத்தால் செய்த இலேசான ஊசியும் வலிய சுருள்வில்லும் வைத்து, விசையைத் தொடாமலே அக்காப்பைப் பெற்றன.

கனத்தை மேலும் கூட்டினால் பாதுகாப்பும் கூடுமா? நியூயார்க் நகரக் காவல்துறை, தவறுதலாகச் சுடுவதைத் தவிர்க்கக் கருதித் தன் துப்பாக்கிகளின் விசைக்கு ஏறத்தாழ 12 இராத்தல் அழுத்தம் வைத்திருந்தது. அவை இரட்டை வரிசைத் துப்பாக்கிகளே. எனினும் விரல் ஒன்றுதான். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-ல் அளித்த அறிக்கை, இலேசான விசையைப் பற்றி ஆராயுமாறு பரிந்துரைத்தது. 2012 ஆகஸ்ட் 24-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, துப்பாக்கி ஏந்திய ஒருவனை நோக்கிக் காவலர் இருவர் 16 முறை சுட்டனர். வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமுற்றனர். விசையின் கனம் ஒன்றே அதற்குக் காரணம் எனல் பொருந்தாது; தெறித்த துண்டுகளும் பலரைக் காயப்படுத்தின. ஆயினும் விசை கடினமானால் குறி விலகும் என்பதையும், விலகிய தோட்டா எங்கோ ஓரிடத்தில் பாய்ந்தே தீரும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்று கணினி வழி இயங்கும் எந்திரங்கள் அளவின் பிழையை மிகவும் குறைத்துவிட்டன. உலோகத் தூளை அச்சிலிட்டுச் சூளையில் இறுக்கிச் செய்யும் கொண்டிகள் மலிவாகவும் ஒரே சீராகவும் வருகின்றன. அன்று கைவினைஞன் மட்டுமே தந்த சீர்மையில் பெரும்பகுதியை இன்று ஆலையே தருகிறது. ஆனால் விசை சிறந்த வீரனின் பயிற்சி பெற்ற கைக்கும் இணங்க வேண்டும். அச்சத்தால் நடுங்கும் கைக்கும், கீழே விழும் நேரத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இக்கடமைகள் ஒன்றையொன்று எதிர்ப்பவை. ஆதலின் ஆலை தரும் விசையில் எஞ்சியிருக்கும் சிறு கனம் எல்லாம் கவனக் குறைவின் விளைவன்று. முன்பின் அறியாத ஒருவனின் கைக்காக ஒதுக்கி வைத்த காப்பு அது.